பக்கமில்லாதவர்களின் பணி: முதல் உலகப் போரில் பாரசீகக் காவற்படையும் ஸ்வீடன் அதிகாரிகளும்

போரில் எந்தப் பக்கமும் சேராதிருக்கும் நிலையைத் தமிழில் நடுநிலை என்கிறோம். இருவருக்கு மத்தியில் நிற்றல் என்பது அதன் பொருள். அரபு மொழியில் இதற்கு வழங்கும் சொல் ‘ஹியாத்’. ஒதுங்குதல், விலகிச் செல்லுதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து அது பிறந்தது. பாரசீகத்தாரோ ‘பீ தரஃப்’ என்பர். பக்கம் அற்றவன் என்பது அதன் நேர்ப்பொருள். மத்தியில் நிற்பதும், விலகி நடப்பதும், பக்கமே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் ஈரானில் பணிபுரிந்த ஸ்வீடன் நாட்டு அதிகாரிகளின் வரலாற்றைப் படிப்போர், இந்த வேறுபாடு அகராதியோடு முடிந்துவிடும் ஒன்றன்று என்பதை உணர்வர்.

தான் நடுநிலை வகிப்பதாக அறிவித்த ஒரு நாடு, நடுநிலை வகித்த மற்றொரு நாட்டின் அதிகாரிகளைத் தன் காவற்படைக்கு ஊதியம் கொடுத்து அமர்த்தியிருந்தது. இருபுறமும் நடுநிலை. ஆயினும் போர் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து மாதங்களில் அந்தக் காவற்படை பிளவுற்றது. அதன் ஒரு பகுதி ஆங்கிலேயத் தூதரைச் சிறைப்பிடித்தது; மற்றொரு பகுதி ரஷ்யப் படையோடு பொருதியது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நிய அதிகாரிகள் ஏன் தேவைப்பட்டனர்?

ஹிஜ்ரி 1324இல், அதாவது 1906 ஆகஸ்டில், முஸஃப்பருத்தீன் ஷாஹ் அரசியலமைப்புக்கான ஆணையில் கையொப்பமிட்டார். மன்னரின் அதிகாரத்தை நிபந்தனைகளுக்கு உட்படுத்திய அந்த இயக்கத்தை ஈரானியர் ‘மஷ்ரூத்தா’ என அழைத்தனர். நிபந்தனை எனப் பொருள்படும் ‘ஷர்த்’ என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். மறு ஆண்டே, 1907 ஆகஸ்ட் 31 அன்று, பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைக் கேளாமலேயே அதனை மூன்று மண்டலங்களாக வகுத்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வடபகுதி ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம். தென்கிழக்கு பிரிட்டனின் மண்டலம். இடைப்பட்டது நடுநிலை மண்டலம்.

அக்காலத்தில் ஈரானிய அரசின் கையிலிருந்த ஒரே ஒழுங்கமைந்த படை 1879இல் தோற்றுவிக்கப்பட்ட கொஸாக் படைப்பிரிவு ஆகும். அதன் வீரர்கள் ஈரானியர். அதன் தலைமை அதிகாரிகளோ ரஷ்யர். 1908 ஜூனில் மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தது அந்தப் படையே. அதற்கு ஆணையிட்டவர் கர்னல் லியாகொஃப் என்னும் ரஷ்யர். மக்கள் மன்றத்தைக் காக்க வேண்டிய படை அந்நிய அதிகாரியின் கட்டளைக்கு இணங்கி அதனை இடித்தது. மஷ்ரூத்தா தலைவர்கள் தமக்கென ஒரு புதிய படை வேண்டும் என எண்ணியதற்கு இந்த அனுபவமே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் தெற்கிலிருந்து வந்தது. பூஷஹ்ர் துறைமுகத்திலிருந்து ஷீராஸ் வழியாக இஸ்ஃபஹான் செல்லும் வணிகச் சாலையில் கொள்ளை மிகுந்திருந்தது. 1910 அக்டோபரில் பிரிட்டன் ஓர் எச்சரிக்கைக் குறிப்பை அளித்தது. மூன்று மாதங்களுக்குள் அச்சாலையில் அமைதி நிலைநாட்டப்படாவிட்டால், பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகளைக் கொண்டு ஒரு காவல் அணி அமைக்கப்படும் என்றும், அதன் செலவு சுங்க வரியின்மீது பத்து விழுக்காடு கூடுதல் வரி விதித்து ஈடுசெய்யப்படும் என்றும் அது கூறியது. தன் மண்ணில், தன் செலவில், பிறர் படை! இதனைத் தவிர்க்க ஈரானுக்கு ஒரே வழிதான் இருந்தது. சாலைகளைத் தானே காக்க வல்ல ஒரு படையை விரைந்து உருவாக்க வேண்டும். அதற்குப் பயிற்சி அளிப்போர் இரு வல்லரசுகளுக்கும் சேராதவராக இருக்க வேண்டும்.

தேர்வு எவ்வாறு அமைந்தது?

பிரெஞ்சு, ஜெர்மன், ஆஸ்திரிய அதிகாரிகளை அழைத்தால் ரஷ்யாவோ பிரிட்டனோ எதிர்க்கும் என்ற நிலையில், முதலில் இத்தாலியை அணுகினர். இத்தாலி இசையவில்லை. பின்னரே ஸ்வீடன் கருத்தில் வந்தது. ஆசியாவில் அதற்குக் குடியேற்றங்கள் இல்லை. ஈரானில் அதற்கு வணிக நலனோ நில ஆசையோ இல்லை. 1911 ஆகஸ்டில் கேப்டன் ஹரால்ட் யால்மார்சன் முதல் அணியினருடன் தெஹ்ரான் வந்து சேர்ந்தார். புதிய படைக்குப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர் கொண்டனர். ஆயுதம் தாங்கியோர் எனப் பொருள்படும் அச்சொல் பாரசீக நாவில் ‘ஜாந்தார்மரி’ ஆயிற்று. நாட்டுப்புறச் சாலைகளைக் காக்கும் ஆயுதக் காவற்படை என்று அதனைத் தமிழில் விளக்கலாம்.

அதே ஆண்டில் நிகழ்ந்த இன்னொரு நிகழ்ச்சியையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். 1911 மே மாதம் கருவூலத் தலைவராக வந்த அமெரிக்கர் மோர்கன் ஷஸ்டர், வரி வசூலுக்கென ஒரு தனிக் காவல் அணியை அமைக்க விரும்பினார். அதற்குத் தலைவராக மேஜர் ஸ்டோக்ஸ் என்னும் ஆங்கிலேயரைத் தெரிவு செய்தார். தன் மண்டலமாகிய வடபகுதியில் ஆங்கிலேயர் ஒருவர் பணிபுரிவதை ரஷ்யா ஏற்கவில்லை. மோதல் முற்றி, நவம்பர் இறுதியில் ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தது. ஷஸ்டர் பதவி நீக்கப்பட்டு 1912 ஜனவரியில் நாடு திரும்பினார். அவர் அமைத்த அணி ஸ்வீடன் அதிகாரிகளின் படையோடு இணைந்தது. ஓர் அதிகாரியின் தகுதியைவிட அவரது நாட்டுரிமையே பெரிதாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, ஸ்வீடன் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது ஈரான் என்று சொல்வது பாதி உண்மையே. பிறர் இருவரும் எவரை மறுக்கவில்லையோ அவரையே அந்நாடு தேர்ந்தெடுக்க முடிந்தது.

வளர்ச்சியும் அதன் விலையும்

காவற்படை வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. போர் தொடங்கும் தறுவாயில் அதில் ஏறத்தாழ 6,000 வீரர்களும் முப்பதுக்கு மேற்பட்ட ஸ்வீடன் அதிகாரிகளும் இருந்தனர். தெஹ்ரானில் அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. கல்வியறிவு பெற்ற, மஷ்ரூத்தா உணர்வு கொண்ட இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தனர். கொஸாக் படை மன்னரின் படை எனில், இது நாட்டின் படை என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியது. தலைநகரின் நகரக் காவலும் 1913 முதல் வெஸ்ட்டால் என்னும் ஸ்வீடன் நாட்டவரின் பொறுப்பில் வந்தது.

எனினும் இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. ஈரானின் கருவூலம் வறண்டிருந்தது. தென்பகுதிச் சாலைகள் பாதுகாக்கப்படுவதில் அக்கறை கொண்டிருந்த பிரிட்டன், காவற்படையின் செலவுக்கு முன்பணம் அளித்து வந்தது. ஷீராஸில் 1911 இறுதி முதல் தங்கியிருந்த இந்தியக் குதிரைப்படையைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும் இந்த ஏற்பாடு உதவியது. ஆள் ஸ்வீடன், ஆணை ஈரான், பணம் பிரிட்டன் என்னும் இந்த முக்கூட்டு அமைதிக் காலத்தில் ஒருவாறு நடந்தேறியது. மூவரின் விருப்பமும் ஒன்றாக இருந்தவரை அதன் பலவீனம் வெளிப்படவில்லை.

போரும் தலைநகரங்களின் கணக்கும்

1914 நவம்பர் 1 அன்று ஈரான் தன் நடுநிலையை அறிவித்தது. அப்போதே ரஷ்யத் துருப்புகள் அஸர்பைஜான் மாகாணத்தில் இருந்தன. உதுமானியப் படையும் எல்லையைக் கடந்தது. அம்மாத நடுவில் இஸ்தன்பூலில் ஜிஹாத் அறிவிப்பு வெளியாயிற்று. நஜஃப், கர்பலா உலமாக்களின் அறிவிப்புகளும் தொடர்ந்தன. ஈரானிய மக்களின் மனச்சாய்வு வெளிப்படையானது. நூறாண்டுக் காலம் தம்மை நெருக்கிய இரு வல்லரசுகளுக்கும் எதிராகப் போரிடும் ஜெர்மனியை அவர்கள் நம்பிக்கையோடு நோக்கினர்.

ஸ்வீடன் அதிகாரிகளின் உள்ளமும் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. அண்டை நாடான ஃபின்லாந்தை 1809இல் ஸ்வீடனிடமிருந்து பறித்தது ரஷ்யா. ஸ்வீடன் படைத்துறையினர் ஜெர்மன் படைக்கலையை மதித்தனர், ரஷ்யாவை அஞ்சினர். யால்மார்சன் பின்னாளில், 1918இல், ஃபின்லாந்தின் உள்நாட்டுப் போரில் செம்படையினருக்கு எதிராக ஓர் அணியை நடத்தினார் என்பது இம்மனநிலையை விளக்கும். அரசு நடுநிலை வகிக்கலாம். அந்த அரசின் குடிமக்கள் ஒவ்வொருவரின் நெஞ்சமும் நடுநிலை வகிக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதனால் காவற்படை அதிகாரிகளைப் பற்றிய வழக்கு பல தலைநகரங்களுக்குச் சென்றது. லண்டனும் பெட்ரோகிராடும் அவர்களது ஜெர்மன் சார்பைக் குறைகூறின. ஆனால் ஸ்வீடனைக் கடுமையாக நெருக்க அவற்றால் இயலவில்லை. ஜெர்மனி பால்டிக் கடலை அடைத்துவிட்ட நிலையில், ரஷ்யாவுக்கு மேற்கிலிருந்து சரக்குகள் செல்லும் வழிகளில் ஒன்று ஸ்வீடன் நாட்டின் ஊடாகவே சென்றது. பெர்லினுக்கு அந்த அதிகாரிகள் இருந்த இடத்திலேயே நீடிப்பது நலம். ஹம்மர்ஷோல்ட் தலைமையிலான ஸ்வீடன் அரசு தன் நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருக்கவே பெரிதும் முயன்றது. (அவர் மகனே பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக விளங்கிய தாக் ஹம்மர்ஷோல்ட்.) ஸ்டாக்ஹோம் கண்ட வழி, தன் படையில் நடப்புப் பணியில் உள்ள அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொள்வது. யால்மார்சனும் நாடு திரும்பினார். எட்வால் அவரிடத்தில் பொறுப்பேற்றார். எஞ்சியோர் ஈரானோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்பேரில் தொடர்ந்தனர். அவர்களுக்கு ஸ்வீடன் அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை.

தெஹ்ரானின் நிலையே பரிதாபத்துக்குரியது. அதிகாரிகளை அனுப்பிவிட்டால் காவற்படை குலையும். குலைந்தால் 1910ஆம் ஆண்டின் எச்சரிக்கை மீண்டும் உயிர்பெறும். அவர்களை வைத்துக்கொண்டால் நடுநிலை மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழும். இதற்கிடையே பிரிட்டனின் பணம் சுருங்கியது. வீரர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் நிலுவையாயிற்று. அந்த இடைவெளியில் ஜெர்மன் பணம் நுழைந்தது. 1915 மார்ச்சில் பிரிட்டனும் ரஷ்யாவும் மற்றொரு இரகசிய ஏற்பாட்டுக்கு வந்திருந்தன. இஸ்தன்பூலும் நீரிணைகளும் ரஷ்யாவுக்கு என ஒப்புக்கொண்ட பிரிட்டன், ஈரானின் நடுநிலை மண்டலத்தைத் தன் பங்காகப் பெற்றது. 1917இல் புரட்சிக்குப் பின் ரஷ்யாவின் புதிய ஆட்சியாளர் இரகசிய ஆவணங்களை வெளியிட்டபோதே உலகம் இதனை அறிந்தது. ஈரானின் நடுநிலையை மதிக்குமாறு பிறரிடம் கோரியோரே, அந்நாட்டின் நடுநிலை மண்டலம் என்று தாமே பெயரிட்டதைப் பங்கிட்டுக்கொண்டனர்.

முஹர்ரம் 1334

1915 ஆகஸ்டில் பிரிட்டன் பூஷஹ்ரைக் கைப்பற்றியது. நவம்பரில் ரஷ்யப் படை கஸ்வீனிலிருந்து தலைநகரை நோக்கி நகர்ந்தது. மஜ்லிஸ் உறுப்பினர்களும் தேசியவாதிகளும் தெஹ்ரானை விட்டுக் கும் நகரம் சென்றனர். இளம் மன்னர் அஹ்மத் ஷாஹும் புறப்படவிருந்து, இறுதி நேரத்தில் தடுக்கப்பட்டார். ஹிஜ்ரி 1334 முஹர்ரம் மாதத்தில் நிகழ்ந்த இந்தப் பெயர்ச்சியை ஈரானிய வரலாறு ‘முஹாஜரத்’ என்றே குறிக்கிறது. அச்சொல் முஸ்லிம் உள்ளத்தில் எழுப்பும் நினைவுகளை விளக்க வேண்டியதில்லை.

காவற்படையின் பெரும்பகுதி முஹாஜிர்களோடு சென்றது. நவம்பர் 10 அன்று ஷீராஸில், மேஜர் அலீ குலீ கான் பெஸ்யான் தலைமையில் காவற்படையினர் ஆங்கிலேயத் தூதர் ஓகானரையும் அங்கிருந்த ஆங்கிலேயரையும் சிறைப்பிடித்தனர். பெண்கள் பூஷஹ்ருக்கு அனுப்பப்பட்டனர். ஆண்கள் தங்கிஸ்தான் பகுதியின் அஹ்ரம் கோட்டையில் 1916 ஆகஸ்டு வரை வைக்கப்பட்டனர். ஹமதானில் அதே குடும்பத்தைச் சேர்ந்த முஹம்மத் தகீ கான் பெஸ்யானின் அணி, கொஸாக் படையினரைத் தோற்கடித்து அவர்களின் ஆயுதங்களைப் பறித்தது. ஸ்வீடன் அதிகாரிகளில் சிலர் இவர்களோடு நின்றனர். சிலர் தெஹ்ரானில் அரசின் பணியில் தங்கினர். சிலர் நாடு திரும்பினர். பராத்தொஃபின் ரஷ்யப் படை ஹமதானையும், 1916 பிப்ரவரியில் கிர்மான்ஷாஹையும் பிடித்தது. கிர்மான்ஷாஹில் நிஸாமுஸ் ஸல்தனா தலைமையில் இயங்கிய தற்காலிக அரசு 1917இல் முடிவுற்றது.

சட்டத்தின் கண்ணோட்டம்

1907ஆம் ஆண்டின் ஐந்தாம் ஹேக் உடன்படிக்கை தரைப்போரில் நடுநிலையாளரின் உரிமை கடமைகளைப் பேசுகிறது. தன் குடிமக்கள் தனித்தனியே எல்லை கடந்து போரிடும் நாட்டின் பணியில் சேர்ந்தால், அதற்கு நடுநிலை அரசு பொறுப்பாகாது என்பது அதன் ஒரு விதி. போரிடும் ஒரு தரப்புக்கு எதிராகச் செயற்படும் நடுநிலைக் குடிமகன் தன் நடுநிலையின் பாதுகாப்பை இழப்பான் என்பது மற்றொன்று. தன் நடுநிலையை மீற முயல்வோரை ஓர் அரசு ஆயுதம் கொண்டு தடுத்தாலும் அது பகைச் செயலாகக் கருதப்படாது என்பது மூன்றாவது.

முதல் விதி ஸ்வீடன் அரசை விடுவிக்கிறது. இரண்டாவது விதி அதிகாரியைக் குற்றவாளியாக்குகிறது. மூன்றாவது விதியோ அவருக்கு ஒரு வாதத்தை வழங்குகிறது: தெஹ்ரானை நோக்கி வந்த ரஷ்யப் படையைத் தடுப்பது ஈரானின் நடுநிலையைக் காக்கும் செயலன்றோ? ஆனால் அத்தடுப்புக்கு ஆணையிட வேண்டியது அரசு. அரசு தெஹ்ரானில் ரஷ்ய நெருக்குதலின் கீழ் இருந்தது. மஜ்லிஸ் உறுப்பினர்கள் கும் நகரில் இருந்தனர். எவருடைய ஆணை ஈரானின் ஆணை? சட்டம் இவ்வினாவுக்கு விடை தரவில்லை. மேலும், போரிடும் நாடுகள் அனைத்தும் உடன்படிக்கையில் பங்குகொண்டிருந்தாலன்றி அது செல்லாது என்ற விதியும் அதிலேயே இருந்தது.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் செய்யும் ஒரு பகுப்பு தெளிவு தருகிறது. கூலிக்குப் பணிபுரிவோரை அவை இருவகைப்படுத்துகின்றன. குறித்த காலம் முழுவதும் ஒருவருக்கே தன் உழைப்பை ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. தையற்காரர், வண்ணார் போன்று பலருக்கும் பணி செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. முன்னவரின் காலம் அமர்த்தியவருக்கே உரியது; அதே காலத்தை அவர் வேறொருவருக்கு விற்க இயலாது. ஒப்பந்தத்தின்படி ஸ்வீடன் அதிகாரி ஈரானின் அஜீர் காஸ். ஆனால் பிரிட்டன் தன் சாலைக்காகவும், ஜெர்மனி தன் போருக்காகவும் அவரை அஜீர் முஷ்தரக் போலவே நடத்தின. கூலியைத் தானே கொடுக்க இயலாத எஜமானனால் அதனைத் தடுக்க முடியவில்லை. அதிகாரியின் குடியுரிமை அவரை நடுநிலையாளராக்கும் என எல்லோரும் எண்ணினர். உண்மையில் அவரது நடுநிலையைத் தாங்கி நிற்க வேண்டியது அவரை அமர்த்திய நாட்டின் சுதந்திரமே. அது தளர்ந்தபோது, அவரும் தளர்ந்தார்.

அதே காலத்தில் அல்பேனியாவில் நெதர்லாந்து அதிகாரிகளின் அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. புதிதாகப் பிறந்த அந்நாட்டின் காவற்படையை அமைக்க 1913இல் வல்லரசுகளின் ஏற்பாட்டின்படி அவர்கள் சென்றனர். அவர்களுள் ஒருவரான தாம்சன் 1914 ஜூனில் துர்ரெஸ் நகரில் கொல்லப்பட்டார். போர் மூண்டதும் நெதர்லாந்து தன் அதிகாரிகளைத் திரும்பப் பெற்றது. அந்நாடு தன் நடுநிலையைக் காத்துக்கொண்டது. அல்பேனியாவோ காவற்படையின்றி நின்றது. அதிகாரிகள் தங்கினாலும் ஆபத்து, சென்றாலும் ஆபத்து. இரு நிலையிலும் இழப்பு அமர்த்திய நாட்டுக்கே.

எஞ்சியது

ஈரான் அஞ்சியது அப்படியே நடந்தது. 1916 மார்ச்சில் பெர்ஸி ஸைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் பந்தர் அப்பாஸில் இறங்கி, தென் பாரசீகத் துப்பாக்கிப்படையை அமைத்தார். இந்தியத் துருப்புகள் அவருடன் வந்தன. ஃபார்ஸ் மாகாணத்தில் எஞ்சியிருந்த காவற்படையும் அதனுள் ஈர்த்துக்கொள்ளப்பட்டது. 1910இல் மிரட்டலாக இருந்தது ஆறு ஆண்டுகளில் நடைமுறையாயிற்று. அப்படை 1921 வரை நீடித்தது.

ஆயினும் காவற்படை விதைத்த ஒன்று அழியவில்லை. அதில் பயின்ற ஈரானிய அதிகாரிகளின் ஒரு தலைமுறை எஞ்சியது. ஈரானின் படைத்துறையை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க வழிசெய்த 1919ஆம் ஆண்டின் உடன்படிக்கையை எதிர்த்து, காவற்படையின் கர்னல் ஃபள்லுல்லாஹ் கான் 1920இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். தற்கொலையை மார்க்கம் அனுமதிப்பதில்லை. அவரை அந்த எல்லைக்குத் தள்ளிய அவமானம் எத்தகையது என்பதை மட்டும் வரலாறு பதிவு செய்கிறது. மஜ்லிஸின் ஒப்புதல் பெறாத அவ்வுடன்படிக்கை 1921இல் கைவிடப்பட்டது. ஹமதானின் வீரர் முஹம்மத் தகீ கான் குராஸானில் மத்திய அரசை எதிர்த்து நின்று, அதே ஆண்டு அக்டோபரில் வீழ்ந்தார். அவ்வாண்டின் பிப்ரவரியில் ரிஸா கானின் கொஸாக் படை தலைநகரைக் கைப்பற்றியபோது, காவற்படையின் தலைவராக இருந்தவர் இன்னமும் க்ளீரப் என்னும் ஸ்வீடன் நாட்டவரே. ஆண்டின் இறுதியில் இரு படைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டுப் புதிய தேசியப் படை உருவானது.

ஸ்வீடன் அதிகாரிகளைத் துரோகிகள் என்றோ வீரர்கள் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. இரண்டுமே அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டுள்ளன. அவர்கள் கற்பித்த கலை உண்மையானது. அவர்களிடம் பயின்றோரின் நாட்டுப்பற்றும் உண்மையானது. குறை இருந்தது வேறிடத்தில். பயிற்சியைப் பிறரிடம் பெறலாம்; அறிவு எங்கிருப்பினும் அதனை நாடுவதில் இழிவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியாளருக்குரிய ஊதியமும், அவருக்கு இடும் ஆணையும் நாட்டின் சொந்தக் கருவூலத்திலிருந்தும் சொந்த மன்றத்திலிருந்தும் வர வேண்டும். இவ்விரண்டையும் பிறர் கையில் விட்ட பிறகு, பக்கமில்லாதவரைத் தேடிப் பிடித்து அமர்த்துவதால் ஒரு நாட்டின் நடுநிலை காக்கப்படுவதில்லை. பெரும் வல்லரசுகளுக்கு நடுவே வாழும் சிறு நாடுகள், அந்நிய ஆலோசகர்களையும் பயிற்சியாளர்களையும் இன்றும் அழைத்துக்கொண்டே இருக்கின்றன. அவர் எந்நாட்டவர் என்ற கேள்வியோடு, அவர் யாருடைய கூலியை உண்கிறார் என்ற கேள்வியையும் அவை கேட்டாக வேண்டும்.